ஆண்டுக் கணக்கைத் தந்த அரசு: செலூக்கியப் பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும்

அலெக்சாண்டரின் மறைவுக்குப் பின் அவருடைய தளபதிகள் பங்கிட்டுக்கொண்ட நிலங்களில் எழுந்த அரசுகளுள் பரப்பில் மிகப் பெரியது செலூக்கியப் பேரரசு. கி.மு. 312-இல் பாபிலோனில் தொடங்கிய அது, உச்ச காலத்தில் ஏஜியன் கடற்கரையிலிருந்து நடு ஆசியாவின் ஆமு ஆறு வரை விரிந்து, கி.மு. 64-இல் சிரியாவின் ஒரு மூலையில் முடிந்துபோனது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் நிலைத்த இந்த அரசுக்கு நாட்டுப்பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. கிரேக்கர், மாசிடோனியர், பாபிலோனியர், பாரசீகர், மீடியர், சிரியர், பீனிசியர், யூதர், பாக்டிரியர் எனப் பல இனத்தார் வாழ்ந்த அந்தப் பரப்பை ஒரு நிலத்தின் பெயராலோ ஒரு மக்களின் பெயராலோ சுட்ட வழியில்லை. அரசரின் பெயரே அரசின் பெயராக வழங்கியது. ஈட்டி முனையில் வென்ற நிலம் வென்றவருக்கே உரியது என்பதுதான் ஆட்சி உரிமைக்கு அவர்கள் சொன்ன ஒரே நியாயம். அந்த நியாயம் வென்றவரை அரியணையில் ஏற்றியது. தோற்றவர் சாய்ந்துகொள்ள அதில் இடமே இல்லை.

பாபிலோனுக்குத் திரும்பியவர்

கி.மு. 323 ஜூன் மாதத்தில் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்தார். அந்நகரக் கோயில்களின் எழுத்தர்கள் வானத்தில் கண்டவற்றையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் வாற்கோதுமை, பேரீச்சை ஆகியவற்றின் விலையையும் ஈரக் களிமண் பலகையில் தொடர்ந்து குறித்துவந்தனர். அரசர் இறந்த செய்தியையும் அன்று வானம் மேகமூட்டமாக இருந்ததையும் அவர்கள் அடுத்தடுத்து எழுதிவைத்த பலகை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செலூக்கியர் வரலாற்றுக்குக் கிரேக்க ஆசிரியர்களின் நூல்கள் எவ்வளவு முக்கியமோ, அதே அளவுக்கு இந்தப் பலகைகளும் முக்கியமானவை. புகழுரையும் பழிச்சொல்லும் கலவாமல், நடந்ததை நடந்த மாதத்திலேயே எழுதியவை அவை.

அலெக்சாண்டருக்குப் பின் நாட்டைத் தாங்கத்தக்க வாரிசு இல்லை. மனவளர்ச்சி குன்றிய மாற்றாந்தாய் மகனான சகோதரர் ஒருவரும், அப்போது தாய் வயிற்றில் இருந்த குழந்தையும் பெயரளவில் அரசர்களாயினர். மாகாணங்களைத் தளபதிகள் பிரித்துக்கொண்டனர். முதல் பங்கீட்டில் செலூக்கஸுக்கு மாகாணம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸின் யானைப்படையை எதிர்த்துக் காலாட்படைப் பிரிவொன்றை நடத்தியவர். கி.மு. 324-இல் சூசா நகரில் அலெக்சாண்டர் தம் தளபதிகளுக்கு ஆசியப் பெண்களை ஒரே நேரத்தில் மணம் முடித்துவைத்தபோது, செலூக்கஸுக்கு வாய்த்த மனைவி அபாமா. அலெக்சாண்டரை நடு ஆசியாவில் கடுமையாக எதிர்த்துப் போரிட்ட ஸ்பிட்டமெனஸின் மகள் அவர். அலெக்சாண்டர் இறந்ததும் மற்றத் தளபதிகளில் பெரும்பாலோர் அந்த மனைவியரைக் கைவிட்டனர். செலூக்கஸ் கைவிடவில்லை. அபாமாவின் மகனே இரண்டாவது அரசரான முதலாம் அந்தியோக்கஸ். முறைப்படி வந்த செலூக்கிய அரசர்கள் எல்லோருக்கும் அபாமா மூதாய். செலூக்கியரைக் கலப்பற்ற கிரேக்கக் குலமாகக் காட்டும் பழைய நூல்கள் இந்த அம்மையாரை மறந்துவிட்டுப் பேசுகின்றன.

கி.மு. 320-ஐ ஒட்டி நடந்த இரண்டாம் பங்கீட்டில் பாபிலோன் செலூக்கஸுக்குக் கிடைத்தது. நான்கைந்து ஆண்டுகளில், தளபதிகளுள் வலிமை மிக்கவரான ஆன்டிகோனஸ் அங்கு வந்து மாகாணக் கணக்கைக் காட்டச் சொன்னார். கணக்குக் கேட்பவர் அடுத்துத் தலையைக் கேட்பார் என்று உணர்ந்த செலூக்கஸ், 50 குதிரைவீரர்களோடு எகிப்துக்கு ஓடி, அதை ஆண்ட தளபதி தாலமியிடம் அடைக்கலம் புகுந்தார். கி.மு. 312-இல் காசாவில் ஆன்டிகோனஸின் மகன் டெமெட்ரியஸைத் தாலமி தோற்கடித்தார். அந்த வெற்றியை அடுத்து அவரிடம் ஏறத்தாழ ஆயிரம் வீரர்களைப் பெற்று செலூக்கஸ் பாபிலோனுக்குத் திரும்பினார். பேரரசு ஒன்றை நிறுவ அது எந்த வகையிலும் போதாத படை. ஆனால் முன்பு அவர் ஆண்ட நான்காண்டுகளில் நகர மக்களிடம் நல்ல பெயர் எடுத்திருந்தார். அவர்கள் வாயிலைத் திறந்துவிட்டனர். அதன் பிறகு ஆன்டிகோனஸோடு நடந்த போர் பாபிலோனியாவைச் சூறையாடியது. நாட்டில் அழுகையும் ஒப்பாரியும் நிறைந்ததைப் பாபிலோனியக் குறிப்பேடு பதிவு செய்கிறது.

செலூக்கஸ் திரும்பிய அந்த நிகழ்விலிருந்தே செலூக்கிய ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. மாசிடோனிய வழக்கில் கி.மு. 312 இலையுதிர் காலமும், பாபிலோனிய வழக்கில் கி.மு. 311 வசந்தமும் அதன் தொடக்கம். அதுவரை பெரும்பாலும் அரசர்தோறும் ஆண்டு எண்ணப்பட்டது. ஒருவர் இறந்து அடுத்தவர் ஏறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். செலூக்கஸின் மகன் அரியணை ஏறியபோது அப்படித் தொடங்கவில்லை. தந்தையின் 31-ஆம் ஆண்டுக்கு அடுத்தது 32 என்றே எழுதச் செய்தார். அரசர் மாறினாலும் அறுபடாமல் ஓடும் ஆண்டுத் தொடர் மனிதகுலத்துக்கு இப்படித்தான் முதன்முதலாகப் பெருவழக்காக வாய்த்தது. அந்த அரசு செய்த வேறு எந்தச் செயலும் இவ்வளவு காலம் நிலைக்கவில்லை.

ஐந்நூறு யானைகள்

கிழக்கு மாகாணங்களை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த செலூக்கஸ், கி.மு. 305-ஐ ஒட்டிச் சிந்து வெளியில் சந்திரகுப்த மௌரியரை எதிர்கொண்டார். முடிவில் உடன்பாடு ஏற்பட்டது. காந்தாரமும் காபூல், கந்தகார் பகுதிகளும் மௌரியருக்குச் சென்றன. திருமண உறவு ஒன்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. செலூக்கஸுக்குக் கிடைத்தவை 500 போர் யானைகள். நம் பள்ளிப் பாடநூல்களில் செலூக்கஸ் நிகேட்டரின் கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும். உண்மையில் அவருடைய ஏற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த யானைகள் சிந்துவிலிருந்து ஈரானியப் பீடபூமியைக் கடந்து, மெசொப்பொத்தேமியா வழியாகச் சின்ன ஆசியா வரை நடந்தன. வழியெல்லாம் தண்ணீரும் தீவனமும் தேட வேண்டும், கணவாய்களில் பனி. கப்படோசியாவில் குளிர்காலத்தைக் கழிக்க அவர் தங்கியபோது 480 யானைகள் உயிரோடு இருந்ததாக டியோடோரஸ் எழுதுகிறார். பாகர்களின் திறமைக்கு வேறு சான்று தேவையில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் வரலாற்றில் இல்லை. கி.மு. 301-இல் இப்சஸ் போர்க்களத்தில் எதிரிக் குதிரைப்படையை விரட்டிக்கொண்டு நெடுந்தொலைவு போய்விட்ட டெமெட்ரியஸ், திரும்பிவர முயன்றபோது நடுவில் யானைகளை வரிசையாக நிறுத்தினார் செலூக்கஸ். குதிரைகளால் அந்த வரிசையைக் கடக்க முடியவில்லை. துணையின்றி நின்ற ஆன்டிகோனஸ் 80 வயதைக் கடந்த நிலையில் எறிவேல்களுக்கு இரையானார். சிரியா செலூக்கஸுக்குக் கிடைத்தது. நிலத்தைக் கொடுத்து யானை வாங்கியது இழப்பான பேரம் என்று சொல்வோர் இப்சஸைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மௌரியரோடு ஏற்பட்ட நட்பு தலைமுறைகளுக்கு நீடித்தது. செலூக்கஸின் தூதராகப் பாடலிபுத்திரம் சென்ற மெகஸ்தனிஸ் எழுதிய இண்டிகா முழுமையாகக் கிடைக்கவில்லை. அரியன், ஸ்ட்ராபோ, டியோடோரஸ் ஆகியோர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. அவற்றில் பாண்டிய நாடு பற்றிய செய்தி இருக்கிறது. ஹெராக்ளிஸ் தன் மகள் பண்டையாவுக்குக் கொடுத்த நாடு அது என்றும், அவள் அணிவதற்காகக் கடலில் முத்துகளைத் தேடித் தந்தான் என்றும் கேள்விப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். கதையாகவே இருந்தாலும், பாண்டியர் பெயரும் முத்தும் பெண் ஆட்சியும் சேர்ந்து ஒரு கிரேக்கரின் காதுக்கு எட்டியிருந்தன. அடுத்த தலைமுறையில் பிந்துசாரர், முதலாம் அந்தியோக்கஸிடம் இனிப்பு மதுவும் உலர்ந்த அத்திப்பழமும் ஒரு தத்துவ ஆசிரியரும் கேட்டு எழுதியதாகவும், முதல் இரண்டையும் அனுப்பிய அந்தியோக்கஸ், ஆசிரியர்களை விற்கக் கிரேக்கரின் வழக்கம் இடந்தராது என்று பதில் எழுதியதாகவும் அத்தீனியஸின் நூலில் ஒரு செய்தி உண்டு.

அதற்கும் அடுத்த தலைமுறையில் அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் வருகின்றன. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் இரண்டாம் பாறை ஆணை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனத் தெற்கை எண்ணிவிட்டு, அதே மூச்சில் அந்தியோக என்ற யவன அரசரைச் சொல்கிறது. அவர் இரண்டாம் அந்தியோக்கஸ். தமிழ் வேந்தர்களும் செலூக்கிய அரசரும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறும் ஆவணம் அது. மௌரிய அரசுக்கு ஒருபுற அண்டைவீட்டார் தமிழர். மறுபுற அண்டைவீட்டார் செலூக்கியர்.

நகரமும் கோயிலும் நாணயமும்

கி.மு. 300-ஐ ஒட்டிச் சிரியாவில் செலூக்கஸ் நான்கு நகரங்களை எழுப்பினார். அந்தியோக்கியா தந்தையின் பெயராலும், லவோதிக்கேயா தாயின் பெயராலும், அபாமியா மனைவியின் பெயராலும், துறைமுகமான செலூக்கியா தம் பெயராலும் அமைந்தன. டைகிரிஸ் கரையில் இன்னொரு செலூக்கியா பாபிலோனுக்கு அருகிலேயே எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழைய நகரத்தின் வணிகத்தையும் மக்களையும் இழுத்துக்கொண்டது. அபாமியாவில் யானைகளின் கொட்டாரமும் குதிரைப் பண்ணையும் இருந்தன. நகரம் எழுப்புவது பெருமைக்காக மட்டும் செய்த வேலை இல்லை. மாசிடோனிய, கிரேக்கக் குடியேறிகளுக்கு நிலம் கொடுத்தால், போர் வந்ததும் அவர்கள் ஈட்டியோடு வந்து நிற்பார்கள். படைக்கு ஆள் சேர்க்கும் வழி அதுதான்.

ஆட்சியின் தலைநகரம் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. அந்தியோக்கியா, டைகிரிஸ் செலூக்கியா, சார்டிஸ், சூசா, எக்பட்டானா என அரசர் போகும் இடமெல்லாம் அரசவையும் கருவூலமும் கூடவே போயின. அரசரைச் சூழ்ந்திருந்த உயர் அலுவலர்களுக்கு ‘நண்பர்கள்’ என்பதே பதவிப் பெயர். மேற்கே அரசர் இருக்கும் காலத்தில் கிழக்கைக் கவனிக்கப் பட்டத்து இளவரசரைத் துணையரசராக அமர்த்தும் வழக்கத்தைச் செலூக்கஸே தொடங்கினார். நிருவாகம் எழுத்தில் ஓடியது. கி.மு. 193-இல் மூன்றாம் அந்தியோக்கஸ் தம் அரசி லவோதிக்கேயுக்குத் தலைமைப் பெண் குருக்களை அமர்த்தப் பிறப்பித்த ஆணையின் கல் படிகள் இன்றைய துருக்கியிலும் ஈரானின் நகாவந்திலும் கிடைத்துள்ளன. ஆணையின் வாசகம் ஒன்றுதான். அதற்கு மேலே ஆளுநர் தமக்குக் கீழுள்ள அலுவலருக்கு எழுதிய முகப்புக் கடிதம் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அரசரின் சொல் மாகாண ஆளுநருக்கும் அவரிடமிருந்து கீழலுவலருக்கும் சென்று, கடைசியில் கோயில் முற்றத்தில் கல்லாக நின்றது.

உள்ளூர்க் கோயில்களோடு செலூக்கியர் நடந்துகொண்ட விதத்துக்கு ஒரு களிமண் உருளை சாட்சி சொல்கிறது. பாபிலோனுக்கு அருகிலுள்ள போர்சிப்பாவில், நபு தெய்வத்தின் எசிடா கோயிலில் கிடைத்தது அது, எழுதப்பட்டது கி.மு. 268-இல். அக்காடிய மொழியில் முதலாம் அந்தியோக்கஸ் பேசுவதுபோல அமைந்தது. சிரிய நாட்டில் சிறந்த எண்ணெய் குழைத்துத் தம் தூய கைகளால் முதல் செங்கலை வார்த்து, எசகிலா, எசிடா கோயில்களின் கடைகாலுக்குக் கொண்டுவந்ததாக அரசர் அதில் சொல்கிறார். நெபுகத்நேசர் காலத்து அரசர்கள் கையாண்ட அதே சொல்முறை, அதே வேண்டுதல். அரசி ஸ்ட்ராட்டோனிக்கேயின் பெயர் பாபிலோனிய நாவுக்கு ஏற்ப அஸ்தர்தனிக்கு என்று உருமாறியிருக்கிறது. அக்காடிய மொழியில் கிடைத்துள்ள அரச உருளைகளில் காலத்தால் கடைசியானது இதுவே. இரண்டாயிரம் ஆண்டு மரபின் முடிவு ஒரு மாசிடோனிய அரசரின் பெயரில் அமைந்தது. அதே அரசரின் காலத்தில் பெரோசஸ் என்ற பாபிலோனியக் குருக்கள் தம் நாட்டு வரலாற்றைக் கிரேக்கத்தில் எழுதி அவருக்கே படைத்தார். ஊருக் நகரத்தில் அனு-உபல்லித் என்ற ஆளுநருக்கு அரசரே நிக்கார்க்கஸ் என்ற கிரேக்கப் பெயரைச் சூட்டினார். அவர் இரு பெயர்களையும் தாங்கியபடி, தம் ஊர்த் தெய்வத்துக்குப் பழைய முறையிலேயே கோயில் கட்டினார்.

கிழக்குக் கோடியில், இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கெல்லையில் ஆமு ஆற்றங்கரையில் இருந்தது ஐ-கானூம் நகரம். பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 1960-களிலும் 70-களிலும் அங்கே உடற்பயிற்சிக் கூடம், நாடக அரங்கு, அரண்மனை எல்லாவற்றையும் வெளிக்கொணர்ந்தனர். டெல்பி கோயிலில் கவனமாகப் படியெடுத்துவந்த அறவுரைகளைக் கிளியார்க்கஸ் என்பவர் அங்கே கல்லில் பொறித்துவைத்திருந்தார். பிற்காலப் போர்களில் அந்த அகழ்வுத் தளம் புதையல் தேடுவோரால் தோண்டிச் சிதைக்கப்பட்டது. மீட்க முடியாத இழப்பு அது.

இவ்வளவையும் ஓட்டியது வெள்ளி. பாக்டிரியா முதல் சார்டிஸ் வரை அரசரின் அச்சகங்களில் ஆதென்ஸ் எடைமுறையில் வெள்ளி நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் அரசரின் முகம். மறுபக்கம் உலகின் கொப்பூழ் எனக் கருதப்பட்ட கல்லின் மேல் அம்போடு அமர்ந்திருக்கும் அப்போலோ. நிலவரியும் திறையும் இந்த வெள்ளியாக வந்து, படைவீரரின் சம்பளமாக வெளியே போய், மீண்டும் வரியாகத் திரும்பின. படை நின்றால் அச்சகம் நிற்கும். அச்சகம் நின்றால் படை கலையும்.

விரிசல்

நிறுவனரின் முடிவே ஒரு முன்னறிவிப்பு. கி.மு. 281-இல் கொருபீடியத்தில் தளபதிகளுள் மற்றொருவரான லிசிமக்கஸை வென்று, அலெக்சாண்டரின் தோழர்களுள் கடைசியாக எஞ்சிய செலூக்கஸ், சொந்த மண்ணான மாசிடோனியாவைப் பார்க்கும் ஆவலோடு ஐரோப்பாவில் கால் வைத்தார். சில மாதங்களில், தம்மிடம் அடைக்கலம் பெற்றிருந்த தாலமி கெரவுனஸ் கையாலேயே குத்துண்டு இறந்தார். மகன் அந்தியோக்கஸ் கிழக்கிலிருந்து விரைந்து வந்து, கலகங்களோடும் கலேத்திய இனத்தாரின் படையெடுப்போடும் போராடித்தான் தந்தையின் நாட்டில் பெரும்பகுதியைக் காப்பாற்றினார்.

அடுத்த அடி குடும்பத்துக்குள்ளிருந்து வந்தது. இரண்டாம் அந்தியோக்கஸ் முதல் மனைவி லவோதிக்கேயை விலக்கிவிட்டு, எகிப்திய உடன்பாட்டின்படி இரண்டாம் தாலமியின் மகள் பெரெனிக்கேயை மணந்தார். கி.மு. 246-இல் அவர் இறந்ததும் இரு மனைவியரின் மகன்களுக்கிடையே வாரிசுச் சண்டை மூண்டது. பெரெனிக்கேயும் அவருடைய குழந்தையும் கொல்லப்பட்டனர். பழிவாங்க வந்த மூன்றாம் தாலமி பாபிலோன் வரை புகுந்தார். லவோதிக்கேயின் மகன் இரண்டாம் செலூக்கஸ் அதிலிருந்து மீள்வதற்குள் உடன்பிறந்த தம்பியே சின்ன ஆசியாவில் தனி அரசரானார். கிழக்கே கவனிக்க ஆளில்லை. பாக்டிரியாவில் ஆளுநர் டியோடோட்டஸ் தனியரசர் ஆனார். கி.மு. 238-ஐ ஒட்டி அர்சக்கஸின் தலைமையில் பர்ணி என்ற நாடோடிக் குலத்தார் பார்த்தியாவைக் கைப்பற்றினர். அண்ணன் தம்பி சண்டையின் இடைவெளியில் வேரூன்றிய அந்தச் சிறு ஆட்சியே பிற்காலத்தில் செலூக்கியரை ஈரானை விட்டு வெளியேற்றியது.

மூன்றாம் அந்தியோக்கஸும் ரோமும்

கி.மு. 223-இல் இருபது வயதுகூட நிறையாத நிலையில் பட்டத்துக்கு வந்த மூன்றாம் அந்தியோக்கஸ் சரிந்ததைத் தூக்கி நிறுத்தத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். மீடியாவின் ஆளுநர் மோலோனின் கலகத்தை அடக்கினார். கி.மு. 217-இல் ரஃபியாவில் நான்காம் தாலமியை எதிர்த்தபோது அவரிடம் 102 இந்திய யானைகள் இருந்தன. எகிப்தியரிடம் 73 ஆப்பிரிக்க யானைகள். ஆப்பிரிக்க யானைகள் பெரும்பாலும் பின்வாங்கின. அரசரும் தம் பக்கத்தில் எதிரியை விரட்டிக்கொண்டு போனார். அவர் போன நேரத்தில் நடுவில் நின்ற காலாட்படை உடைந்தது. இப்சஸில் டெமெட்ரியஸ் செய்த அதே பிழையால், அன்று அதைப் பயன்படுத்தி வென்றவரின் எள்ளுப்பேரர் தோற்றார்.

தோல்வி அவரை முடக்கவில்லை. கி.மு. 212 முதல் 205 வரை ஆர்மீனியா, பார்த்தியா, பாக்டிரியா என நடந்து, இந்துகுஷ் மலையைக் கடந்து, பழைய மாகாணங்களிடம் மீண்டும் திறை பெற்றார். பாக்டிரியாவின் யுதிடெமஸ் முற்றுகைக்குள் இருந்தபடியே சொன்ன வாதம் முக்கியமானது: எல்லையில் நாடோடிக் கூட்டங்கள் காத்திருக்கின்றன, நாம் இருவரும் மோதினால் நாடே அவர்கள் கைக்குப் போகும். அந்தியோக்கஸ் அதை ஏற்று, அவருக்கு அரசர் பட்டத்தையும் விட்டுக்கொடுத்தார். காபூல் வெளியில் சோபகசேனஸ் என்ற இந்திய அரசரோடு பழைய நட்பைப் புதுப்பித்ததும் யானைகளின் எண்ணிக்கை 150 ஆனது. ‘மகா’ என்ற அடைமொழியோடு அவர் திரும்பினார். வென்ற இடங்களில் அவர் விட்டுவந்தது வாக்குறுதிகளையே; காவற்படைகளை நிறுத்திவரவில்லை. கி.மு. 200-இல் பானியத்தில் எகிப்தியரை வென்று பாலஸ்தீனத்தையும் தென்சிரியாவையும் கைப்பற்றியபோது, நிறுவனரின் பேரரசு மறுபடி உருவானதுபோலவே தோன்றியது.

ரோமோடு ஏற்பட்ட மோதல் அந்தத் தோற்றத்தைக் கலைத்தது. கி.மு. 192-இல் 10,000 காலாட்கள், 500 குதிரைகள், 6 யானைகளோடு அவர் கிரேக்கத்தில் இறங்கினார். அவர் அவையில் அடைக்கலம் பெற்றிருந்த ஹன்னிபாலின் அறிவுரையும் பயன்படவில்லை. தெர்மோபிலேயில் ஒரு தோல்வி. சின்ன ஆசியாவின் மக்னீசியாவில் அதைவிடப் பெரிய தோல்வி. அங்கும் அரசர் ஒரு பக்கத்தில் வென்று முன்னேறிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் படை சிதறியது. ரஃபியாவின் பாடம் பயனற்றுப் போனது.

கி.மு. 188-இல் அபாமியாவில் எழுதிய உடன்படிக்கை நுட்பமாக வரையப்பட்டது. டாரஸ் மலைக்கு மேற்கிலுள்ள நிலம் முழுவதும் போனது. யானைகளை ஒப்படைக்க வேண்டும்; இனி வைத்திருக்கவும் கூடாது. கடற்படைக்கு எண்ணிக்கையும் எல்லையும் வரையறுக்கப்பட்டன. அரசரின் மகன் உட்பட இருபது பிணையாட்கள் ரோமுக்குப் போக வேண்டும். இழப்பீடு 15,000 தாலந்து வெள்ளி. ஒரு தாலந்து 80 ரோமானியப் பவுண்டுக்குக் குறையக்கூடாது என்றும் எழுதப்பட்டது. இன்றைய எடையில் மொத்தம் ஏறத்தாழ 390 டன் வெள்ளி. அதில் 12,000 தாலந்தை 12 ஆண்டுத் தவணையில் கட்ட வேண்டும்.

இந்தக் கடன் பேரரசின் நடத்தையையே மாற்றியது. முன்பு கோயில்களுக்குச் செங்கல் வார்த்துக் கொடுத்த குலம் இப்போது கோயில் கருவூலங்களில் கைவைத்தது. மகா அந்தியோக்கஸே மறு ஆண்டு எலிமாயிஸில் பேல் கோயிலைச் சூறையாடப் போய் அவ்வூர் மக்களால் கொல்லப்பட்டார். இஸ்ரேலின் மரேசாவில் கிடைத்த கி.மு. 178-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், அவருடைய மகன் நான்காம் செலூக்கஸ் தம் அமைச்சர் ஹெலியோடோரஸுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தென்சிரியக் கோயில்களை மேற்பார்க்க ஒலிம்பியோடோரஸ் என்பவரை அமர்த்தும் ஆணை அது. ஹெலியோடோரஸ் எருசலேம் ஆலயத்தின் பணத்தை எடுக்க வந்த கதை இரண்டாம் மக்கபேயர் நூலில் உள்ளது. அந்தக் கதைக்குப் பின்னால் இருந்த அலுவலக ஏற்பாட்டை இந்தக் கல் காட்டுகிறது.

மணலில் ஒரு வட்டம்

கி.மு. 175-இல் நான்காம் செலூக்கஸைக் கொன்றவர் அதே ஹெலியோடோரஸ். முறைப்படி பட்டத்துக்கு வர வேண்டிய மகன் டெமெட்ரியஸ் அப்போது ரோமில் பிணையாளாக இருந்தார். அவர் அங்கே போனதால் விடுதலை பெற்ற சிற்றப்பா நான்காம் அந்தியோக்கஸ் அரியணையைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் அரச குலம் இரண்டு கிளையானது. இரண்டுக்கும் உரிமை இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஆதரிக்க ரோமும் எகிப்தும் பெர்காமமும் ஆயத்தமாக இருந்தன.

நான்காம் அந்தியோக்கஸ் ஆற்றல் குறைந்தவர் அல்லர். கி.மு. 168-இல் எகிப்தை ஏறத்தாழ முழுவதும் வென்று அலெக்சாந்திரியாவின் புறநகரான எலூசிஸ் வரை வந்துவிட்டார். அங்கே ரோமத் தூதர் போப்பிலியஸ் லேனாஸ், நீட்டிய கையைப் பற்றாமல், செனட்டின் ஓலையைக் கொடுத்தார். படைத்தலைவர்களோடு கலந்து சொல்கிறேன் என்றார் அரசர். தூதர் கையிலிருந்த கொடித்தடியால் அரசரைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் கீறி, அதை விட்டு வெளியே வருமுன் பதில் வேண்டும் என்றார். அரசர் சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டு, சொன்னபடி செய்கிறேன் என்றார். தூதரோடு படை எதுவும் வரவில்லை. வெற்றியே உரிமை என்று வாழ்ந்த ஓர் அரசுக்கு அதைவிடப் பெரிய தோல்வி போர்க்களத்தில்கூட நேர்ந்ததில்லை.

அடுத்த ஆண்டு எருசலேமில் நடந்தது அந்த அரசின் மிகக் கொடிய செயல். தலைமைக் குரு பதவியை அதிகப் பணம் தருபவருக்கு விற்றதில் தொடங்கிய குழப்பம் கலகமாகி, முடிவில் யூதர்களின் வழிபாடே தடைசெய்யப்பட்டது. விருத்தசேதனமும் ஓய்வுநாளும் குற்றங்களாயின. ஆலயப் பலிபீடத்தின் மேல் வேறு பீடம் எழுந்தது. மற்ற மாகாணங்களில் செலூக்கியர் இப்படி நடந்துகொண்டதில்லை. பணத்தேவையும் அதிகார அச்சமும் சேர்ந்து, நூற்றைம்பது ஆண்டு நிலவிய வழக்கத்தை மறக்கச் செய்தன. மக்கபேயர் குடும்பத்தின் தலைமையில் மக்கள் எழுந்தனர். கி.மு. 164 டிசம்பரில் ஆலயம் மீண்டும் தூய்மை செய்யப்பட்டதன் நினைவே யூதர்களின் ஹனுக்கா விழா. கி.மு. 162-இல் சிரியாவுக்கு வந்த ரோமத் தூதர் ஒக்தாவியஸ், உடன்படிக்கையை மீறி வைத்திருந்த யானைகளைக் கால் நரம்பு அறுத்து முடமாக்கச் செய்தார். மக்கள் பொங்கி எழுந்தனர், தூதர் கொலையுண்டார்.

சுருங்கிய நாடு

டெமெட்ரியஸ் ரோமிலிருந்து தப்பி வந்து அரசரானார். அதற்குத் துணைபுரிந்தவர், வரலாற்றாசிரியரும் அப்போது தாமே அங்குப் பிணையாளாக இருந்தவருமான பொலிபியஸ். கி.மு. 150-இல் அலெக்சாண்டர் பாலாஸ் என்ற போட்டியாளர் டெமெட்ரியஸைக் கொன்றார். பாலாஸை டெமெட்ரியஸின் மகன் இரண்டாம் டெமெட்ரியஸ் வீழ்த்தினார். போட்டியாளர் ஒவ்வொருவரும் துணைதேடி வரிவிலக்கையும் தன்னாட்சியையும் அள்ளிக் கொடுத்தனர். யூதேயா கி.மு. 142-இல் தனித்து நின்றது அப்படித்தான்.

கிழக்கே பார்த்திய அரசர் முதலாம் மித்ரிடேட்ஸ் மீடியாவை எடுத்துக்கொண்டு, கி.மு. 141 ஜூலையில் டைகிரிஸ் செலூக்கியாவுக்குள் நுழைந்தார். பாபிலோனின் எழுத்தர்கள் அந்த மாற்றத்தையும் விலைவாசிக்கும் கோள்நிலைக்கும் இடையில் குறித்துவைத்தனர். பேரரசு பிறந்த மண் கைவிட்டுப் போனது. அதை மீட்கக் கடைசியாக முயன்றவர் ஏழாம் அந்தியோக்கஸ். கி.மு. 130-இல் பாபிலோனியாவையும் மீடியாவையும் மீட்டுக்கொண்டார். குளிர்காலத்தில் படையை ஊர் ஊராகப் பிரித்துத் தங்கவைத்தார். சோறு போட்டே ஓய்ந்துபோன ஊர்மக்கள் பார்த்தியரோடு பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் எழுந்தனர். கி.மு. 129-இல் அரசர் போரில் இறந்தார். அதோடு பேரரசு முடிந்தது. எஞ்சியது சிரியா மட்டும்.

அங்கும் அமைதி இல்லை. பாலாஸ், இரண்டாம் டெமெட்ரியஸ், ஏழாம் அந்தியோக்கஸ் ஆகிய மூன்று அரசர்களுக்கும் அடுத்தடுத்து மனைவியான எகிப்திய இளவரசி கிளியோபாட்ரா தேயா தம் மகன் ஒருவரைக் கொன்று, தம் பெயரிலேயே நாணயம் அடித்தார். இன்னொரு மகனால் நஞ்சூட்டப்பட்டு இறந்தார். அதன் பின் நாற்பது ஆண்டுகள் ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஊருக்கு ஊர் மோதிக்கொண்டனர். சலித்துப்போன சிரியர்கள் கி.மு. 83-இல் ஆர்மீனிய அரசர் டைகிரேனஸை ஆளச் சொன்னார்கள். அவரை ரோமர் விரட்டியதும் பதின்மூன்றாம் அந்தியோக்கஸ் சில காலம் அரசராக இருந்தார். கி.மு. 64-இல் அவர் ரோமத் தளபதி பாம்பேயிடம் நாட்டைக் கேட்டபோது, காக்கத் தெரியாதவருக்கு அதைத் தருவதற்கில்லை என்ற பதில் கிடைத்தது. சிரியா ரோமின் மாகாணமாயிற்று. எதிர்க்கப் படை எதுவும் வரவில்லை.

செலூக்கியர் கீழைநாட்டாரோடு கலந்து தேய்ந்தார்கள் என்ற பழைய விளக்கம் ஆவணங்களுக்கு முன் நிற்காது. கலந்து வாழ்ந்த காலமே அவர்களின் வலிமைக் காலம். மக்னீசியா ஒன்றே காரணம் என்பதும் போதாது. அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு அவர்கள் பெரும்படை திரட்டினார்கள். ஒரு வாரிசு முறையை நிலைநிறுத்தத் தவறியதே அவர்களை அழித்தது. ரோமும் பார்த்தியாவும் அந்தப் பிளவின் வழியாகத்தான் உள்ளே வந்தன.

ஆண்டுக் கணக்கு மட்டும் அரசோடு அழியவில்லை. பார்த்தியர் தம் கணக்கோடு சேர்த்து அதையும் எழுதினர். யூதர்கள் அதைப் பத்திரங்களின் ஆண்டு என்று கொண்டு ஒப்பந்தங்களில் வழங்கினர். யேமன் யூதர்களிடம் அது அண்மைக் காலம் வரை வழக்கில் இருந்தது. சிரியாக் மொழிக் கிறித்தவர்களுக்கு அது கிரேக்கர் ஆண்டு. சீனத்தின் சியான் நகரில் கி.பி. 781-இல் நாட்டிய கிறித்தவக் கல்வெட்டின் சிரியாக் வரியில் கிரேக்கர் ஆண்டு 1092 என்று இருக்கிறது. பழைய முசிறித் துறையை ஒட்டிய கொடுங்கல்லூரில் கி.பி. 1301-இல் படியெடுத்த சிரியாக் திருமறைச் சுவடி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அதன் இறுதிக் குறிப்பில் எழுதியிருக்கும் ஆண்டு 1612. செலூக்கஸ் ஆயிரம் பேரோடு பாபிலோனுக்குத் திரும்பிய நாள் தொட்டு எண்ணியது.